அமிர்தவள்ளி சொன்ன இனஃப்

ஆம்பூரில் முனீர் அகமது சாயபுவின் தோல் மண்டிப் பெண்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். இனஃப். போதும் என்று அர்த்தம். பட்டணத்திலிருந்து சரக்குப் பார்க்க வந்த துரை வாயிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டவர் ஆரோக்கியசாமி மேஸ்திரி. அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே இனஃப்தான். தோல் ஊறினாலும் இனஃப், வேலை முடிந்தாலும் இனஃப். வீட்டில் பெண்டாட்டி குழம்பு ஊற்றும்போதும் அப்படித்தான் என்று பேசிக்கொள்வார்கள்.

அமிர்தவள்ளி எனக்குச் சின்னம்மா முறை. என் அம்மாவும் அவளும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். பேரணாம்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வந்த மாதமே நாத்தனார் அஞ்சலையோடு மண்டிக்குக் கூடை தூக்கப் போனாள். இடித்த ஆவாரம்பட்டையைக் களத்திலிருந்து தோல் ஊறும் தொட்டிக்குச் சுமக்கிற வேலை. பெண்கள் தலையில் கூடையோடு நிற்பார்கள். மேட்டில் நிற்கும் சின்னக்கண்ணு முறத்தால் அள்ளிக் கொட்டுவார். மேஸ்திரி இனஃப் என்றால்தான் அவர் கை நிற்கும். சுமக்கிறவள் வாய் திறக்கக் கூடாது.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின கோடை அது. அஞ்சலை காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்தாள். அவள் கூடையில் முறம் முறமாய் விழுந்துகொண்டே இருந்தது. மேஸ்திரியோ யாருடனோ பேச்சில் இருந்தார். அஞ்சலையின் கழுத்து ஒரு பக்கமாய்ச் சாய்வதைப் பின்னால் நின்ற சின்னம்மா பார்த்தாள்.

"இனஃப்" என்றாள்.

சின்னக்கண்ணுவின் கை நின்றுவிட்டது. அவர் என்றைக்கும் முகம் பார்த்தவரில்லை. வார்த்தை விழுந்தால் நிறுத்துவார், அவ்வளவுதான்.

மேஸ்திரி திரும்பினார். "யார்டி அது தொரசாணி?"

"நான்தான் மேஸ்திரி. கழுத்து எங்கள்து. போதுமா போதாதான்னு எங்களுக்குத்தான தெரியும்."

"அப்போ ஊட்ல போய்ச் சொல்லிக்கோ. மத்தவங்க வேலையப் பாருங்க."

யாரும் வேலைக்கு நகரவில்லை. கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சுண்ணாம்பிலிருந்து எடுத்துக் கழுவிய தோல்கள் தொட்டியருகே காத்துக்கிடந்தன. அன்றே பட்டைத் தண்ணீரில் இறங்காவிட்டால் அந்த வெயிலுக்கு நாறிப்போகும். சேதி கேட்டுச் சாயபுவே வந்துவிட்டார். இவளுகள் வாயில் அந்த வார்த்தையை விட்டால் அரைக் கூடைதான் தூக்குவாளுகள், தொட்டி நிறையாது என்று மேஸ்திரி முறையிட்டார்.

"ஏம்மா, கூடையில கம்மி பண்ணா தொட்டி எப்டி ரொம்பும்?" என்று சாயபு கேட்டார்.

"அவுங்கவுங்க கூடைக்கு அவுங்கவுங்களே சொல்லட்டும் சாயபு. பொழுது சாயுற மஹரிப் பாங்குக்குள்ள தொட்டி ரொம்பலன்னா, நாளைக்கு எங்க யாரையும் உள்ள சேக்காதீங்க."

உன் வாய்க்கு எங்கள் பிழைப்பையும் பணயம் வைத்துவிட்டாயே என்று அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். சாயபு சரி என்றார்.

உச்சி வெயிலில் ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு குரலில் இனஃப், இனஃப். முன்பெல்லாம் நாலு நடை போனால் சுவரோரம் உட்கார்ந்து கழுத்தை நீவ வேண்டும். யாராவது தடுமாறிப் பாதிப் பட்டையை வழியில் கொட்டுவாள். அன்று ஒருத்தியும் உட்காரவில்லை, ஒருத்தியும் கொட்டவில்லை. ஓட்டமும் நடையுமாய்ப் போய் வந்தார்கள். கையளவு விழுந்ததுமே இனஃப் சொன்ன ஒருத்தியைப் பார்த்து, "அடியே, அது கூடையா தொன்னையா?" என்று அஞ்சலையே கேட்டாள். அடுத்த நடையில் அந்தப் பெண்ணின் கூடை கொஞ்சம் ஏறியது.

பொழுது சாய்ந்தது. தொட்டி நிறைய இன்னும் ஒரு முழம் இருந்தது. பள்ளிவாசல் பக்கம் ஆட்கள் போக ஆரம்பித்துவிட்டார்கள். அஞ்சலை மேட்டடியில் வந்து நின்றாள். சின்னக்கண்ணு முறம் முறமாய்க் கொட்டிவிட்டு, இனஃப் வருமென்று கையை நிறுத்திப் பார்த்தார்.

"இன்னும் போடுங்கண்ணா" என்றாள் அஞ்சலை.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பாங்கு கேட்டபோது தொட்டி நிறைந்து, தோல்கள் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. சாயபு எட்டிப் பார்த்தார், மேஸ்திரியையும் பார்த்தார்.

"இனிமே அவுங்களே சொல்லட்டும்பா" என்றுவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அதற்கப்புறம் அந்த மண்டியில் மேஸ்திரி யார் கூடைக்கும் இனஃப் சொன்னதில்லை.

வருஷங்கள் கழித்துச் சின்னம்மா மகள் கல்யாணத்துக்கு மேஸ்திரியும் வந்திருந்தார். நானும் அந்தப் பந்தியில் இருந்தேன். அவருக்கு மட்டும் சின்னம்மா தன் கையாலேயே பரிமாறினாள். சோறு மலையாய் ஏறியது. அவர் கையைக் குறுக்கே நீட்டினார், தலையை ஆட்டினார், வாய் மட்டும் திறக்கவில்லை.

"எல உங்கள்து மேஸ்திரி. நீங்கதான் சொல்லணும்" என்றாள் சின்னம்மா.

பந்தி முழுக்கச் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

"இனஃப் தாயி."

அதற்கு மேல் ஒரு பருக்கை அவள் போடவில்லை.