பழைய சம்பளம்

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. இருந்தும் ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு ஜெர்சி சிட்டி நூலகத்துக்குப் போனோம். பக்கத்தில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். பொங்கல் விழாவில் என்னோடு பந்தி பரிமாறியவர்கள், "என்ன சார், இந்தப் பக்கம்?" என்பார்கள். அரசாங்க உதவியோடு இன்சூரன்ஸ் வாங்க வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு வங்கியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். வேலை போனதும் இன்சூரன்ஸும் போய்விட்டது. இந்த நாட்டில் இரண்டும் ஒன்றாக வரும், ஒன்றாகப் போகும். அதன் பிறகு நண்பர் ஒருவரின் சின்ன கம்பெனியில் எனக்கு மணிக்கணக்கில் வேலை, மனைவிக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் அரை நாள் வேலை. இரண்டிலும் இன்சூரன்ஸ் கிடையாது. மாநில அரசு நடத்தும் இணையதளத்தில் நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். வருமானம் குறைவென்றால் மாதத் தொகையில் ஒரு பங்கை அரசாங்கமே கட்டும். எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த ஏற்பாடு. அந்த 'எங்களைப் போன்றவர்கள்' என்பதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மனைவிக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் முடியாது. அவளுக்குத் தைராய்டில் ஒரு சின்னக் கட்டி. இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் வருடம் தவறாமல் ஸ்கேன் எடுத்து, வளர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரில் போகும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"என்னங்க, எந்த பிளான் எடுத்தாலும் என் ஸ்கேன் அதுல வந்துருமில்ல?"

"அதெல்லாம் வரும்" என்றேன்.

நூலகத்தில் படிவம் நிரப்ப இலவசமாக உதவுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் இருப்பார், விறுவிறுவென்று முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். என் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"தமிழுங்களா? எந்த ஊருங்க?"

"கோபி பக்கமுங்க."

"அட, எங்க அக்காவைக் கோபியிலதான் குடுத்திருக்கு. நாங்க கரூர். கோபியில எந்த இடமுங்க?"

நான் தெருப் பெயரைச் சொல்லாமல் மழுப்பினேன். எனக்கு வேலை போனது ஊரில் யாருக்கும் தெரியாது. வாரா வாரம் வீடியோ காலுக்கு முன்னால் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருகிறவன் நான். இந்த மனிதர் அக்காவுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

அவர் விலாசம், வயது எல்லாம் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்து, "இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் சேர்த்து எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கறீங்க?" என்றார்.

அந்தக் கணக்கை மனைவி முதல் நாளே போட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி, கைப்பையில் வைத்திருந்தாள். அதை எடுக்க அவள் பையைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். வங்கியில் வாங்கிய பழைய சம்பளத்தைச் சொன்னேன். ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. வேறு எந்த நாட்டுக்காரர் கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"அப்படின்னா சப்சிடி ஒண்ணும் வராதுங்களே. பரவாயில்லைங்களா?"

"பரவாயில்லைங்க. கவர்மென்ட் காசு நமக்கெதுக்கு?"

மனைவி தாளை வெளியே எடுக்காமலே பையை மூடினாள்.

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பிளான்களுக்குப் பெயர். நம்மூர்க் கடைகள் நிறைந்த ஐசலினில் நகைக்கடைக்காரர்கள் யாரோ உட்கார்ந்து வைத்த பெயர் போல. உதவி இல்லையென்றால் எங்களுக்குக் கட்டுப்படியாவது வெண்கலம் ஒன்றுதான். அதில் முதல் சில ஆயிரம் டாலரை நாம் கையிலிருந்து கட்டித் தீர்த்த பிறகுதான் இன்சூரன்ஸ் கை கொடுக்கும். ஸ்கேனும் அப்படித்தான். இதை அவர் இரண்டு தடவை நிதானமாக விளக்கினார். எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் தலையாட்டினேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று திரும்பி வரும்போது மனைவி கேட்டாள். சப்சிடி வாங்கினால் பின்னால் சிட்டிசன்ஷிப் கேட்கும்போது பிரச்சினை வரும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள் என்றேன். போட்டிருந்தது உண்மை. அது வெறும் புரளி என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்ததும் உண்மை.

மார்ச்சில் ஸ்கேன் எடுக்க வேண்டும். "தேதியைத் தள்ளிப் போட்டுட்டாங்க" என்றாள் மனைவி. நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆகஸ்டில் டாக்டர் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு முறை நீங்களாகவே கேன்சல் செய்திருக்கிறீர்கள், உடனே கூப்பிடவும் என்று அவளுக்கு எழுதியிருந்தார்கள். அதைக் கொண்டுபோய் அடுப்படியில் நின்றவளிடம் நீட்டினேன்.

அவள் படித்துவிட்டு மடித்தாள். "அந்தக் கரூர்க்காரர்கிட்ட அவ்வளவு பெருமையாச் சொல்லிட்டு வந்தீங்க. நான் போய் அத எப்படிங்க மாத்தறது? ஸ்கேனுக்குக் கைக்காசு கேட்டா நீங்க சங்கடப்படுவீங்க. கொஞ்ச நாள் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்த வாரமே மறுபடி ஜெர்சி சிட்டிக்குப் போனோம். அதே மேசை, அதே மனிதர். இந்த முறை மனைவி அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பையைத் திறந்து, தாளைப் பார்த்துத் தொகையைப் படித்தாள். "வருமானம் மாறினா எப்ப வேணாலும் வந்து சொல்லலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டினார். சப்சிடி வந்தது. வெள்ளி பிளான் வந்தது. ஸ்கேனுக்குச் சொற்பம்தான் கட்டவேண்டும் என்றார். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அக்காவைப் பற்றியோ கோபியைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. நான் அவ்வளவு நேரமும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

புது பிளான் தொடங்கியதும் ஸ்கேன் எடுத்தோம். கட்டி வளர்ந்திருந்தது. கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்ததில், பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு வந்தது. ஆனால் அந்த முடிவு வரும் வரை பத்து நாள் அவள் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பித்தோம். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

என்னால் மறக்க முடியாதது அந்த ஸ்கேன் நாள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, போன வருட அளவையும் இந்த வருட அளவையும் காட்டினார். மார்ச்சில் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

ஊருக்குப் போயிருந்தோம் டாக்டர், வீட்டில் ஒரு விசேஷம் என்றாள் ஆங்கிலத்தில்.

நாங்கள் ஊருக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. விசேஷம் நல்லபடியாக நடந்ததா என்று டாக்டர் சிரித்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

நடந்தது என்று நான் தலையாட்டினேன்.