துவைகல் போட்ட பூங்கா

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். லண்டனில் பூங்கா வடிவமைப்பு மேற்படிப்புக்கு என்னைச் சிபாரிசு செய்வதற்கு முன், வைகைக் கரைக்கு ஒரு பூங்கா வரைந்து தரச் சொன்னார் பேராசிரியர். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் மனைவி செல்லம்தான் வரைந்தாள். என்னுடையதென்று கொடுத்துவிட்டேன்.

வரைபடத்தோடு பேராசிரியர் கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பூங்காவுக்குள்ள துவைகல்லு! எப்படிய்யா தோணுச்சு?"

நான் வரைபடத்தில் துவைகல்லைத் தேடினேன். கதவோரம் நின்ற செல்லம் சொன்னாள்: "நாங்க வெயில்ல துவைக்கிறதப் பாத்துட்டு, மரத்தடியில கல்லுப் போட்டு இவுக வரஞ்சாக."

லண்டனில் இடம் கிடைத்தது. புறப்படும்போது ரயிலடியில், "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நெசத்தச் சொன்னா என்னையவா சீமைக்கு அனுப்பப் போறாக?"

பட்டத்தோடு திரும்பினேன். அந்த வரைபடத்தின்படியே வைகைக் கரையில் பூங்காவும் அமைந்தது. யாராவது அந்தப் பூங்காவைப் புகழ்ந்தால், செல்லம் இருக்கும் பக்கம் இன்றும் என்னால் திரும்ப முடிவதில்லை.