துணைக்கு ஆள் இல்லாத பார்சல்

கடுகண்ணாவையிலிருந்து யாராவது விமானம் ஏறப்போகிறார்கள் என்றால், விசா கொடுக்கிறவனுக்குத் தெரியுமுன் ரபீகா தாத்தாவுக்குத் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் தாத்தா என்றால் அக்கா. மீசை நரைத்த கிழவர் ஒருவரை நினைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள்.

டோஹாவில் இருக்கிற மருமகளுக்கு மாசிச் சம்பல், லண்டனில் யாரோ சிநேகிதியின் பிள்ளைக்குக் கறித்தூள், எல்லாம் ஆள் கையில்தான் போகும். தபாலில் முத்திரை ஒட்டி அவர் எதையுமே அனுப்பியதில்லை. பெட்டியில் இடமில்லை என்று தப்பப் பார்த்த ஒருவரின் புதுச் சப்பாத்துக்குள் கறுவாப்பட்டையைத் திணித்து, "இங்க எவ்வளவு எடம் ஈக்கி பாருங்க" என்று சிரித்தவர் இவர்.

கண்டி வீதியில், மலை ஏறி முடிகிற இடத்தில் அவருக்கு ஒரு கடை. பிரம்பில் பின்னிய இடியாப்பத் தட்டும், பலா மரத்து இடியாப்ப உரலும்தான் சரக்கு. முன்பெல்லாம் கொழும்புக்காரர்கள் வாகனத்தை நிறுத்தி வாங்கிப் போவார்களாம். இப்போது அந்த வளைவில் ஒருத்தரும் நிற்பதில்லை. கடை இருக்கிற கட்டடமோ அவருடைய நானா, அதாவது அண்ணன், ஸெய்னுலாப்தீனுடையது.

"இந்தத் தட்ட இப்ப யாரு வாங்கிய? பெருநாள் வரைக்கும் பாப்பன். அதுக்குப் பொறகு ஃபோன் கடைக்குக் குடுத்திருவன்" என்று நானா சொல்லிவிட்டார். கடை போனால் ரபீகா தாத்தாவுக்குப் போக்கிடம் நானாவின் குசினிதான். காலை முழுக்க மதினியின் மேற்பார்வையில் வெங்காயம் உரிக்க வேண்டும். "அதுக்கு நான் மௌத்தாகிரலாம் புள்ள" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். செத்துப்போகலாம் என்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் நதீஷா, கலஹாக்காரி. சின்னக் கடைக்காரர்களின் சாமான்களை இணையச் சந்தைகளில் போட்டு, வெளிநாட்டுக்கு விற்கச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பொறுமை வேண்டிய வேலை. என்னிடம் இல்லாத சாமான் அது ஒன்றுதான்.

தட்டுகளை வெயிலில் பரப்பிப் படம் எடுத்தேன், விவரம் எழுதினேன், இணையத்தில் கடையைத் திறந்தோம். கொஞ்ச நாளில் மெல்பேர்ன் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி டசின் தட்டுகள் கேட்டார். ரபீகா தாத்தா சந்தோஷம் தாங்காமல் வாசலில் நின்று போகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டினார். ஒரு பஸ் நின்றே விட்டது. கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டது நான்.

பொதி கட்டுவது எப்படி, தபாற்கந்தோரில் பதிவது எப்படி, அங்கே தரும் டிராக்கிங் நம்பரை இணையத்தில் எங்கே போடுவது, எல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அனுப்பிட்டீங்களா தாத்தா?" என்று போனில் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையே அனுப்பினன் புள்ள."

"நம்பரு?"

மளமளவென்று ஒப்பித்தார். போட்டேன். அப்படி ஒரு பொதி உலகத்திலேயே கிடையாது என்றது இணையம். திரும்பவும் போட்டேன், அதே பதில். அப்புறம்தான் நம்பரை உற்றுப் பார்த்தேன். பார்சல் நம்பர் மாதிரியே இல்லை, போன் நம்பர் மாதிரி இருந்தது. சந்தேகத்தில் அதையே வட்ஸ்அப்பில் அழைத்தேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு பையன் பேசினான்.

"ஓ, அந்தத் தட்டா? என்ட ரூம்ல ஈக்கி. பெரியம்மா குடுத்து உட்டாங்க."

ரபீகா தாத்தாவின் தங்கை மகன் பஹீம். அந்த வெள்ளிக்கிழமைதான் மெல்பேர்னுக்குப் படிக்கப் போயிருக்கிறான். ஐயோ மாதாவே! அப்படியே பஸ் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போனேன்.

"என்ன தாத்தா இது? தபால்ல போடச் சொன்னேனா இல்லையா?"

"தபால்ல போட்டா தொலஞ்சி போகும். பஹீம் தொலஞ்சி போவானா?"

"நம்பரு இல்லாட்டி நம்ம கடையைப் பூட்டிருவாங்க!"

"நம்பர்தான் தந்தேனே. அடிச்சா பஹீம் எடுப்பான். ஒங்கட பார்சல் நம்பருக்கு அடிச்சா பார்சல் எடுக்குமா?"

வந்த வழியே திரும்பிப் பஸ் ஏறினேன்.

நான் சொன்னபடியே ஆயிற்று. பொருள் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி காட்டும்வரை கடை முடக்கம் என்று இணையச் சந்தையிலிருந்து அறிவித்தல் வந்தது. இந்தச் செய்தி நானாவின் காதுக்கு யார் மூலம் போனதோ, மறுநாளே ஃபோன் கடைக்கார ரிஸ்மியை அளவு டேப்போடு அனுப்பிவிட்டார். ரிஸ்மி சுவரை அளந்தான். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ரபீகா தாத்தாவேதான்.

"தம்பி, சாமான் எடுக்க நீங்க டுபாய் போறதானே?"

"ஓ, வாற மாசம் போறன்."

"பெட்டியில கொஞ்சம் எடம் ஈக்குமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ரிஸ்மி அளவு எழுத வந்தவன், டுபாய்க்கு மசாலாப் பொதியோடு போனான்.

இனி நம்பிக்கை பஹீம்தான். அவனோ பகலில் படிப்பு, படிப்பு இல்லாதபோது தூக்கம். பெரியம்மா குரல் செய்தி அனுப்பினார். அதில் பாதி துஆ, அதாவது பிரார்த்தனை, பாதி ஏச்சு. அடுத்த ரயிலிலேயே கிளம்பிவிட்டான். வாங்கிய பெண்மணி நகரத்துக்கு வெளியே ஒரு சின்னத் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். தட்டுகளைச் சுவரில் அழகுக்கு மாட்டப்போவதாக அவர் சொன்னதும் நம் ஆளுக்குப் பொறுக்கவில்லை. "செவத்துலயா?" என்று கேட்டுவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு குசினிக்குள் நுழைந்துவிட்டான்.

படம் வந்தது. இரண்டு பேருக்கும் முழங்கை வரை மாவு. தட்டில் இருந்ததை இடியாப்பம் என்று சொல்ல எனக்கு மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை. களி என்றால் களி கோபித்துக்கொள்ளும். ஆனாலும் அந்தப் பெண்மணி வாயெல்லாம் பல்லாக நின்றார். சந்தைக்காரருக்கு அவரே எழுதியும் போட்டார்: எத்தனையோ பொருள் இணையத்தில் வாங்கியிருக்கிறேன், கதவைத் தட்டி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்த பார்சல் இது ஒன்றுதான் என்று.

கடை திறந்தது. அந்த அம்மா எழுதியதைப் படித்தவர்கள் வேறு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் சந்தைக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். காத்திருக்கிற பொதிகள் எல்லாம் தபால் நம்பரோடுதான் போக வேண்டும், இன்னொரு தடவை தவறினால் நிரந்தரமாக மூடுவோம் என்றார். "பாப்பம், பாப்பம்" என்றார் நானா. ரிஸ்மியின் அளவுச் சீட்டு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

பொதிகளைத் த்ரீவீலில் ஏற்றி, ரபீகா தாத்தாவையும் ஏற்றி, நானே தபாற்கந்தோருக்குக் கூட்டிப்போனேன். உத்தியோகத்தர் முதல் பொதியை எடை போட்டார், நம்பர் ஒட்டினார், உள்ளே இழுத்தார். பொதி நகரவில்லை. இந்தப் பக்கம் ரபீகா தாத்தா பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இதோட யாரு போற?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"யாரும் போறதில்லை அம்மா. பெட்டி மட்டும்தான் போகும்" என்றார் உத்தியோகத்தர்.

பின்னால் வரிசை நீண்டது. யாரோ "ச்சு" கொட்டினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"விடுங்க தாத்தா! இதை விட்டாத்தான் கடை மிஞ்சும். இல்லாட்டி போய் வெங்காயம் உரிங்க!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒட்டிய நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரூஸ் மௌத்தானது ரியாத்துல" என்றார். அரூஸ் அவருடைய கணவர். அதுவரை அவரைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அங்கயே அடக்கிட்டாங்க. அவருட சாமான் பெட்டி மட்டும் வந்துச்சி. இப்படித்தான், நம்பர் ஒட்டி. கூட ஒரு ஆள் வரல்ல. கடசியா என்ன சாப்பிட்டாரு, யாருக்கிட்ட தண்ணி கேட்டாரு, ஒன்னும் தெரியாது. பெட்டிக்கிட்டயா புள்ள கேக்கிய?"

உத்தியோகத்தருக்கு என்ன விளங்கியதோ, பொதியிலிருந்து கையை எடுத்துவிட்டார். வெங்காயம் என்று சொன்ன என் வாயைத் தைக்க வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போவோம் தாத்தா, கடை போனால் போகட்டும் என்று சொல்லவும் தயாராகிவிட்டேன்.

சொல்லவிடவில்லை அவர். முந்தானையால் நம்பரை ஒரு தடவை துடைத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று பொதியை அவரே உள்ளே தள்ளிவிட்டார். அடுத்ததையும் தள்ளினார். கடைசிப் பொதியும் போன பிறகு, "இந்த நம்பர ஃபோன்ல எப்படிப் பாக்கிய? காட்டித் தா" என்று என் கையைப் பிடித்தார். காட்டிக்கொடுத்தேன்.

கடை தப்பிவிட்டது. நானா ரிஸ்மிக்குப் பின்பக்கத்து அறையைக் கொடுத்தார். நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். சில நாட்கள் கழித்து அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு போன் வந்தது.

"புள்ள, அது இப்ப சிங்கப்பூர்ல நிக்கி. நேத்தையில இருந்து அசையல்ல. பாவம், தனியா."

"தாத்தா, அது தட்டு."

"தெரியும். அங்க ஒனக்குத் தெரிஞ்ச ஆக்கள் யாரும் இல்லையா?"

இல்லை என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான் சந்திரிகா நினைவுக்கு வந்தாள். கலஹாவில் என்னோடு படித்தவள், சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது. கூப்பிட்டேன். தட்டைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னடி சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டேன். அங்கே அவளிடம் அதை யாரும் கேட்டதில்லையாம், அழத் தொடங்கிவிட்டாள்.