வத்திப்பெட்டி கிரேன்

போன மாதம் என் மகன் தன் பெண்ணோடு தரையில் உட்கார்ந்து, பழைய அட்டைப்பெட்டியை வெட்டி கிரேன் செய்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்களாம். செல்போனில் யாரோ ஒருவன் செய்து காட்ட, இவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒட்டினார்கள். எல்லாம் முடிந்ததும், "இந்த நூல கொஞ்சம் புடிம்மா, தூக்குதான்னு பாக்கலாம்" என்றான். பிடிக்க மாட்டேன் என்றேன். கை நடுங்குதா என்று கேட்டான். இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசி கோர்க்கிறவள் நான். கையெல்லாம் நடுங்கவில்லை. அந்த நூலை நான் ஏற்கெனவே ஒருமுறை பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கைப்பம்பு. என் நைனாவுக்குத் துறைமுகத்தில் கை காட்டுகிற வேலை. ஏதோ சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கப்பலின் அடி அறையில் ஆட்கள் நின்று மூட்டை அடுக்குவார்கள். மேலே கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பள்ளம் தெரியாது. நைனா பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தபடி, வலது கையை மட்டும் நீட்டிச் சைகை கொடுப்பார். விரலை மேலே சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே இறக்கினால் இறக்கு. முஷ்டி மூடினால் அப்படியே நில். கிரேன்காரருக்கு அவர் முதுகும் அந்தக் கையும்தான் கண்.

அதனால் வேலை நேரத்தில் நைனா வலது கையை வேறு எதற்கும் தூக்க மாட்டார். பீடி பிடிப்பதும், ஈ ஓட்டுவதும், வேர்வை துடைப்பதும் இடது கைதான். அந்தப் பழக்கம் அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. தெருவில் யாராவது கூப்பிட்டால்கூடக் கையைத் தூக்கிக் காட்ட மாட்டார், தலையைத்தான் ஆட்டுவார். "இன்னாபா, கைய இன்சூர் பண்ணி வச்சிகிறியா?" என்று பக்கத்து வீட்டு மாமா கிண்டல் செய்வார். அந்த மாமாதான் கிரேன் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் காலையில் சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் நைனாவுக்கு இடது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்து வந்தது. விரல் வீங்கிப் பழுத்து, மனிதர் இராத்திரியெல்லாம் முனகினார். அம்மா எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு, உள்ளே உப்பும் மஞ்சளும் வைத்து, அதை விரலில் தொப்பி மாதிரி செருகிவிட்டாள். புண் ஆறுகிறவரைக்கும் அந்தக் கையை எதற்கும் ஆட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அம்மா சொன்னால் நைனா கேட்பார். எலுமிச்சம்பழ விரலோடுதான் வேலைக்கும் போனார். மாமா அதையும் விடவில்லை, கைக்குத் திருஷ்டி கழிச்சிகினு வரான் பாரு என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மத்தியானம் அது நடந்தது. தொங்கிக்கொண்டிருந்த மூட்டைக் கட்டு திடுதிப்பென்று இறங்கி, அடி அறையில் நின்றவர் மேல் விழுந்துவிட்டது. இறந்தவர் புளியந்தோப்புக்காரர், நைனாவின் தோஸ்து. நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் மடியில் எனக்குக் கமர்கட் இருக்கும்.

சித்தப்பாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த மறுநாளே சந்தில் பேச்சு கிளம்பியது. மாமா குடித்துவிட்டு கிரேன் ஓட்டினாராம். கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கை காட்டினான், இறக்கினேன் என்று மாமா சொன்னார். நைனாவோ வாயே திறக்கவில்லை. துறைமுக ஆபீசில் விசாரணை வைத்து, முடிகிறவரை இரண்டு பேரையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரில் ஒருத்தர் வேலை போகும் என்பது எனக்கே தெரியும். பம்படியில் அதைத்தான் பேசினார்கள். மாமாவின் சம்சாரம், நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவர், எல்லாரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் குடத்தோடு வெளியே வந்தார். நானும் மற்றப் பிள்ளைகளும் அவர் வீட்டுப் பெண்ணைப் பாண்டி ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்புக்கு ஏதாவது செய்துகொண்டு வரச் சொல்லிப் பல நாளாகியிருந்தது. நைனாவிடம் கேட்டுக் கேட்டு நான் மறந்தே போனேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு நாள் காலை திடீரென்று, "வா, கிரேன் செய்யலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சந்தில் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடுகிற நைனாவை யார் கண்டது?

வீட்டில் இருந்ததை வைத்துத்தான் செய்தோம். காலி வத்திப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உடம்பு. துடைப்பத்து ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டி நீளமான கை. அம்மாவின் காலி நூல்கண்டுக் கட்டை உருளை. கொக்கிக்கு ஒரு ஊக்கு. பசைக்குப் பழைய சோறு. இடது கையில் எலுமிச்சம்பழம் இருந்ததால் நைனாவால் முடிச்சுப் போட முடியாது, அவர் சொல்லச் சொல்ல முடிச்செல்லாம் நான்தான் போட்டேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. சுமைக்கு ஒரு வத்திப்பெட்டி நிறையப் புளியங்கொட்டை. கப்பலுக்கு ஒரு காலி பிஸ்கட் டப்பா. கடைசியில் நைனா தன் வேலைச் சட்டையில் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைப் பொத்தானைப் பிய்த்து டப்பாவின் அடியில் வைத்தார். அது என்ன என்று கேட்டேன். ஆளு என்றார்.

பிறகு என்னை வாசற்படியில் உட்காரவைத்து நூலைக் கையில் கொடுத்தார். அவர் எனக்கு முதுகைக் காட்டி, டப்பாவைக் குனிந்து பார்த்தபடி நின்றார். என் கையை மட்டும் பார், வேறு எதையும் பார்க்காதே என்றார். விரலைச் சுழற்றினார், தூக்கினேன். முஷ்டி மூடினார், நிறுத்தினேன். வத்திப்பெட்டி டப்பாவுக்கு நேர் மேலே ஆடிக்கொண்டு நின்றது. வெயில் ஏறிவிட்டது. நைனா அசையவே இல்லை. எனக்குக் கை வலித்தது. அப்புறம் அவர் முஷ்டியைத் திறந்து, அந்த வலது கையாலேயே நெற்றியை வழித்து, கீழே விட்டார்.

நான் நூலை விட்டேன். டப்பா டங் என்றது.

நைனா திரும்பினார். "ஏம்மா வுட்ட?"

"நீதான் நைனா எறக்க சொன்ன."

"நான் வேர்வ தொடச்சேன்."

"எனக்கு இன்னா தெரியும்? உன் முதுகுதான் தெரியுது. கை எறங்குச்சு, வுட்டேன்."

நைனா நூலை மறுபடி என் கையில் கொடுத்தார். இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார். மறுபடி தூக்கி, நிறுத்தி, நெற்றியை வழித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்ததால் இந்த முறை நான் நூலை விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டார். உனக்குப் பிடிக்கவில்லையே என்றேன். என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் புடிக்கணும்னு செய்யக் கூடாதுமா. உன் கண்ணுக்கு இன்னா தெரியுதோ அத்த செய்யி."

மூன்றாவது முறை விட்டேன். சுமை விழுந்து பொத்தான் தெறித்து, கதவுப் பக்கம் ஓடியது. சரியாகச் செய்துவிட்டேன் என்று கை தட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"செத்தவன் செத்துட்டான். நீ வாயத் தொறந்து நாமளும் சாவணுமா?" என்றாள். "உன்ன யாரும் கேக்கல. எல்லாம் அந்த கிரேன்காரனத்தான் சொல்றாங்க. கம்முனு இரேன்."

"அவன் கண்ணு நல்லாதான் கீது" என்றார் நைனா. "அவன் பாத்தது சரி. கைதான் எறங்கிச்சு. குயந்தைக்கே தெரியுது."

அம்மா போய் அரிசியை எடுத்து உலையில் போட்டாள். சாயங்காலம் பொத்தானைத் தேடி எடுத்து, வேலைச் சட்டையில் தைத்தாள். நான்தான் ஊசி கோர்த்துக் கொடுத்தேன். மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நைனா ஆபீசுக்குப் போனார். கிரேன் நன்றாக வந்த சந்தோஷத்தில்தான் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போகிறார் என்று நான் நினைத்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கிரேனைக் காட்டி, முடிச்செல்லாம் நான் போட்டது, எங்கள் நைனாவே என்னிடம் தோற்றுப்போனார் என்று டீச்சர் முதற்கொண்டு எல்லாரிடமும் சொன்னேன்.

மாமா வேலைக்குத் திரும்பினார். நைனா திரும்பவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போனார், கடைசிவரை அதுதான். மாமா எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனார். நன்றி சொல்லவும் வாய் வரவில்லை, சண்டை போடவும் காரணம் இல்லை. கொஞ்ச நாளில் மாத்தூர்ப் பக்கம் குடிபோய்விட்டார்கள். போகிறவரைக்கும் அத்தை எல்லாரோடும் நின்று தண்ணீர் பிடித்தார். எல்லாரும் முடித்த பிறகு குடம் எடுத்துக்கொண்டு போனது எங்கள் அம்மா. அடுத்த வருஷம் நான் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு இறால் உரிக்கப் போனேன். அதற்காக நான் யாரிடமும் குறைப்பட்டதில்லை. பொய் சொல்லாத மனிதனின் பெண் என்று எந்தப் பம்படியிலும் நிமிர்ந்து நின்றிருக்கிறேன். பரணில் இருந்த கிரேனைக் கரப்பான்பூச்சிகள் சோற்றுப் பசைக்காக அரித்துத் தின்றுவிட்டன.

ஆனால் அந்த நாளில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நைனா ஆபீசிலிருந்து திரும்பி, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் இடது கையைத் தன் மடியில் வைத்து, எலுமிச்சம்பழத்தை மெல்லத் திருகிக் கழற்றினாள். பழம் கறுத்துச் சுருங்கியிருந்தது. விரல் ஆறிவிட்டிருந்தது. "நான்தானே வச்சேன்" என்று அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நைனா தலையை ஆட்டி, இல்லை என்றார். அம்மா எழுந்து பழத்தைத் தெருச் சாக்கடையில் வீசினாள். அது விளிம்பிலேயே நின்றுவிட்டது. ஓடிப்போய் வெறுங்காலால் அதை மிதித்தாள், கூழாகிற வரைக்கும் மிதித்தாள், மிதித்துக்கொண்டே அழுதாள்.

புண்தான் ஆறிவிட்டதே, அழுகின பழத்துக்குப் போய் இவ்வளவு கோபமா என்று நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.