மகனின் மூக்கை ஏமாற்றியவள்

குடித்த வாசனையை மறைப்பது எப்படி என்று என் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

கெட்ட கூட்டாளிகள் இல்லை. செல்போன் இல்லை. சினிமா இல்லை. நான்... அவன் அப்பாவைப் பெற்றவள்!

நேராகச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் சரி, இருந்து படித்தாலும் சரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையை மட்டும்தான் சொல்கிறேன். மற்றதைத் திருத்த உங்களால் ஆகாது.

நாங்கள் இருப்பது கிளியூர் பக்கம். என் மகன் சேகர், ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். மருமகள் மகேஸ்வரி அதே விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. பேரன் தினேஷ் பன்னிரண்டாம் வகுப்பு. நான் வீட்டில் வாய் வேலை.

சேகர் வைத்த சட்டம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தினேஷுக்கு பைக் சாவி வேண்டுமென்றால் முதலில் அப்பாவின் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். அவன் முகர்ந்து பார்த்த பிறகுதான் சாவி. அதுவும் மலைக்கு மேலே மட்டும். அடிவாரம் இறங்கக் கூடாது. பதினெட்டு ஆகாத பையனுக்கு பைக்கே கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாதுதான். ஆனால் எங்கள் பக்கம் மீசை முளைப்பதற்கு முன்பே பையன்களுக்கு கிளட்ச் பிடிக்கத் தெரிந்துவிடும். சேகரும் அந்த ஓட்டையோடுதான் கண்டிப்பாக இருந்தான்.

ஏன் அந்தச் சட்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விடுமுறை நாட்களில் கீழேயிருந்து பைக்கில் ஏறி வருகிற பையன்கள் திரும்பும்போது எப்படித் திரும்புகிறார்கள் என்று அவன் நேரில் பார்க்கிறவன். ஒருமுறை கொண்டை ஊசி வளைவில் கிடந்த ஒருவனை வேனில் தூக்கிப் போட்டு சேலத்துக்குக் கொண்டு போனான். வீட்டுக்கு வந்து சீட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான்... தேய்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் ஊற்றியவள் நான்தான்!

அதற்குப் பிறகும் அந்தச் சட்டம் எனக்கு வேடிக்கையாகவே இருந்தது.

"ஊதுடா."

"இப்பத்தான் பல்லு வெளக்குனேனுங்ப்பா."

"அப்ப இன்னும் நல்லா ஊது."

நான் சும்மா இருப்பேனா? "ஏஞ் சேகரு, பையன் வாய்க்குள்ள என்னத்தத் தேடற? நீ தொலைச்ச மோதரமா?" என்பேன். மகேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

"நீ கம்முனு இரும்மா. உன்ற செல்லந்தான் இவனைக் கெடுக்குது."

அவன் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த முகர்ந்து பார்க்கும் சங்கதி எனக்குப் புதிதல்ல. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயன் வீட்டில் குடியிருந்தோம். காலையில் பேர் கூப்பிடும்போது கணக்கெழுதுகிற ரைட்டர் ஒவ்வொரு ஆளாக அருகில் வந்து நிற்பார். முந்தின நாள் ராத்திரி குடித்த வாசம் அடித்தால் அன்றைக்கு வேலை இல்லை. அதற்கு லயனில் இருந்த பெண்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. வறுத்த காப்பிக்கொட்டை ஒரு பிடி, கூட இரண்டு மூன்று மிளகு. நன்றாக மென்று துப்பிவிட்டுச் சுடச்சுட வறக்காப்பி ஒரு மடக்கு. மலையில் எல்லார் வாயிலும் காப்பி வாசம்தானே! யார் சந்தேகப்படுவார்கள்?

கட்டின மனுசனை நானே தேற்றி, நானே மணக்க வைத்து ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். அவர் யாரையும் கொல்லாமல் காலத்தை ஓட்டிவிட்டுப் போனார். அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன். அதிர்ஷ்டம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை... எப்படி நினைப்பேன்? எல்லாப் பெண்களும் அதைத்தான் செய்தார்கள். ரைட்டரை ஏமாற்றுவது எங்களுக்குத் தப்பாகவே படவில்லை. புருஷன் வேலையைக் காப்பாற்றுவதாகத்தான் பட்டது.

தினேஷ் முதல் முறை குடித்துவிட்டு வந்தது ஒரு சாயங்காலம். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஆயா... அப்பா எங்க?"

"குளிக்கறான் கண்ணு. நீ எங்க குளிச்சுட்டு வர? பீருலயா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கரடியூர்ப் பக்கம் காட்சிமுனையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருக்கிறான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சிகரெட் பிடித்ததற்காக சேகர் அவனைப் பெட்டிக்கடை வாசலில், நாலு பேர் பார்க்க, பெல்ட்டால் அடித்திருந்தான். அந்த பயம் பையன் முகத்தில் அப்படியே இருந்தது. "ஆயா, ஆயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் சிரித்தேன். அடுக்களைக்குப் போனேன். டப்பாவைத் திறந்தேன்.

"மெல்லு. முழுங்கீராத சாமி, துப்பு. உன்ற தாத்தனுக்குக் குடுத்த மருந்து இது."

சேகர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். ஊதச் சொன்னான். பையன் ஊதினான்.

"காப்பி குடிச்சியா?"

"ஆயா குடுத்துச்சு."

பொய்யே இல்லை, பாருங்கள்! எவ்வளவு அழகான பதில்! நான் அடுக்களைக்குள் ஓடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

பாசத்தால் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். கிழவி, பேரன் அடி வாங்கக் கூடாதென்று செய்துவிட்டாள் என்று உச்சுக் கொட்டுவீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். பாசமும் இருந்தது. ஆனால் அது மட்டுமா?... சேகர் சம்பாதிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த வீட்டில் எதிலும் என் பேச்சு செல்லவில்லை. டிவி எப்போது போட வேண்டும், யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், எல்லாம் அவன் சட்டம். இந்த ஒன்றில் நான் ஜெயித்தேன். அவன் மூக்குக்கு நேராகவே ஜெயித்தேன். அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

அவன் கண்டிப்பு சரியா? அதையும் நினைத்துப் பார்த்தேன். வாயைத்தான் முகர்ந்தான். எங்கே போனாய், யாரோடு இருந்தாய், என்னடா உன் மனசில் என்று ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. பெல்ட்டை எடுத்த பிறகு கேட்டாலும் பையன் சொல்லியிருக்க மாட்டான். இருக்கட்டும். அவன் கட்டியது கோணல் வேலிதான். ஆனாலும் வேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு வழி வெட்டியது நான்.

அதற்குப் பிறகு எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. பிறகு பிறகு அவனே டப்பாவை எடுத்துக்கொண்டான். மகேஸ்வரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று தோன்றியதுண்டு. ஒருநாள் சொல்லவும் செய்தேன், என் பாணியில்.

"மகேசு, உன்ற மவன் பெரிய மனுசனாயிட்டு வரான். கொஞ்சம் பாத்துக்க."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க அத்தே கவலை?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நானும் சிரித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். விளையாட்டாகச் சொன்னால் சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு!

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கோடை சீசன். மதியம் தாண்டிய நேரம். மலை முழுக்கக் கார். டவுன் பஸ் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது. தினேஷ் பின்வாசலில் வந்து நின்றான். அன்றைக்கு பீர் இல்லை, வேறு ஏதோ. நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

"இன்னிக்கு நொம்பவா?"

"கொஞ்சந்தான் ஆயா."

கொடுத்தேன். அந்த நிமிடம் அவன் வண்டி எடுக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போதே சாக்குப் போல இருக்கிறது, இல்லையா? கேளுங்கள், அதையும் நானே உடைக்கிறேன்.

போன் வந்தது. மகேஸ்வரி. வேலை முடிந்துவிட்டது, பஸ்ஸைக் காணோம், கால் வலிக்கிறது, யாராவது வந்து கூட்டிப் போங்கள் என்றாள். சேகர் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சேலம் ஸ்டேஷனுக்கு இறங்க வேண்டும். வேன் எதிர்த்திசை.

"டேய் தினேசு, போயி அம்மாளைக் கூட்டிட்டு வா. இங்க வா மொதல்ல. ஊது."

ஊதினான். சேகர் ஒருமுறை முகர்ந்தான். அவசரத்திலும் இன்னொரு முறை ஊதச் சொல்லி முகர்ந்தான்.

"செரி. மெதுவாப் போ. அம்மா நல்லா ஒக்காந்த பொறவுதான் கியரைப் போடோணும். தெரிஞ்சுதா?"

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தான். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். தினேஷ் என்னைப் பார்த்தான்.

ஒரு வார்த்தை போதும். "வேண்டாம்டா" என்றால் போதும்! காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இடுப்பு வலிக்குது, பையன் இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய்க்கா எனக்குப் பஞ்சம்?

நான் கண்ணடித்தேன்.

மாட்டிக்கொள்ளவில்லை என்று சந்தோஷப்பட்டுத்தான் என்னைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், தடுக்கச் சொல்லித்தான் பார்த்தானோ என்று இருக்கிறது... தெரியவில்லை. அவனிடம் கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

அம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, கிளியூர் இறக்கத்தில் எதிரே ஒரு கார் வந்திருக்கிறது. அவன் பிரேக் பிடிக்கவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வண்டி ஓரத்துக் கல் சுவரில் மோதி விழுந்தது. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மகேஸ்வரியின் வலது கால் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில். சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சேகரிடம், பையன் நிறையக் குடித்திருக்கிறான் என்றார்.

"இல்லீங்க. நான் ஊதச் சொல்லித்தான் சாவியே குடுத்தேனுங்க. ரெண்டு தடவை மோந்து பாத்தேனுங்க!"

டாக்டர் அவனையே பார்த்தார். சேகர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நான் பக்கத்து பெஞ்சில், மகேஸ்வரியின் கழற்றிய வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

வயது நிரம்பாத பையனுக்கு வண்டி கொடுத்ததற்கு சேகர் மேல் வழக்கு. போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் "என்ற தப்புதானுங்க" என்றான். யாரும் அவனை மறுக்கவில்லை. மகேஸ்வரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரத்துல செரியா மோந்து பாக்காம உட்டுட்டேன் மகேசு. என்ற கையாலதான் சாவி குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கால் போனவள் கால் இருப்பவனுக்கு ஆறுதல் சொன்னாள்.

இப்போது அவன் யாரையும் அதட்டுவதில்லை. பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கேட்பதில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைக்கிறான். வீட்டில் சட்டம் எதுவும் மிச்சமில்லை. டிவியை நான் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

தினேஷ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கூட்டாளிகளோடு குடித்தேன் என்று மட்டும் சொன்னான். வாசனை எப்படிப் போனது என்று யார் கேட்டும் தலையைக் குனிந்துகொண்டான். குடிப்பதை அவன் விட்டுவிட்டான். மறைப்பதை விடவில்லை.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகேஸ்வரிக்குச் செயற்கைக் கால் வந்திருக்கிறது. வாசலில் சேகர் அவளுக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தான். தினேஷ் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆயா... அப்பா தெனமும் தன்னையவே திட்டிக்கறாரு. நான் சொல்லிறட்டுமா?"

"என்னத்தடா?"

"தெரியாத மாதிரி கேக்காத ஆயா."

சொல்லு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, நீ இரு, நான் சொல்கிறேன் என்று எழுந்து வாசலுக்குப் போயிருக்க வேண்டும். மகன் பத்தடி தூரத்தில் நின்றான்...

"சொல்லு சாமி. சொல்லிப்போட்டு எனக்கு ஒரு முதியோர் இல்லமும் பாத்து வெச்சுரு. ஞாயித்துக்கெழமையானா கறி போடற எடமாப் பாரு."

நான் எது சொன்னாலும் சிரிக்கிற பையன். சிரிக்கவில்லை.

"செரி ஆயா. சொல்லல."

உங்களிடம் சொல்லிவிட்டேன். சேகரிடம் இன்னும் சொல்லவில்லை. இதில் வருகிற பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவன் கையில் கிடைத்துப் படித்தாலும் கண்டுபிடிக்கக் கூடாதென்று! இதிலும் நான் கெட்டிக்காரிதான்.

அன்றைக்கு வாசலிலிருந்து சேகர் குரல் கொடுத்தான். "ஆயாளும் பேரனும் உள்ள என்ன ரகசியம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தினேஷ் முந்திக்கொண்டான்.

"ஒன்னுமில்லீங்ப்பா. ஆயா ஜோக்கு சொல்லுச்சு."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. என் பேரன் அவன். வெளியே போய் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான். "வெய்யி மகேசு... இன்னொன்னு வெய்யி" என்று சேகர் சொல்வது கேட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.