ஏழாம் நம்பர் படுக்கை வசந்தா

செங்கல்பட்டில் நாங்கள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறாம் நம்பர் படுக்கை, வசந்தாவுக்கு ஏழு. செவ்வாய், வியாழன், சனி. நாலு மணி நேரம் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும்வரை கையை அசைக்கக் கூடாது. வாயை அசைக்கலாம். வசந்தா அதை நிறுத்தியதே இல்லை.

கல்பாக்கத்தில் முப்பது வருஷம் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ரிடையரானவன் நான். மனைவி போய்ச் சேர்ந்தபின் யார் பேசினாலும் எரிச்சல்தான். "இந்தம்மாவை வேறு படுக்கைக்கு மாற்றுங்கள்" என்று முதல் மாதமே புகார் கொடுத்தேன். நல்லவேளை, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்குத் திருப்போரூர் தாண்டி ஒரு கிராமம். ரெண்டு பஸ் மாறி வருவாள். புருஷன் இல்லை. ஒரே மகன் வெங்கடேசனுக்கு நாவலூரில் கம்பெனி வேலை, அங்கேயே ஃபிளாட். பொங்கலுக்கு வந்தால் உண்டு. இதெல்லாம் என்னிடம் மட்டும் சொன்னது. மற்றவர்களிடம், "எம்புள்ள என்ன ராணி மாரி வச்சிகினு கீறான்" என்பாள்.

போன மாதம் சிகிச்சை திருப்தியா என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. நர்ஸ் ஸ்ரீதேவி வாசிக்க, வசந்தா பதில் சொன்னாள். வந்து போவது சிரமமா?

"பேஜாரும்மா. பஸ்ல நிக்கவே முடியல."

வீட்டில் கூட இருந்து கவனிக்க ஆள் உண்டா?

"இன்னாம்மா இப்படி கேட்டுட்ட? எம்புள்ள கூடவே கீறான்!"

நான் திரும்பிப் பார்த்தேன். முறைத்தாள். மடையன் மாதிரி சும்மா இருந்துவிட்டேன்.

அதன் பலன் இந்தச் சனிக்கிழமை வந்தது. ஸ்ரீதேவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வசந்தாம்மா, இனி உங்களுக்கு அலைச்சல் இல்ல. வயித்துல குழா வச்சி டயாலிசிஸ வீட்லயே செஞ்சிக்கலாம். பையன் வந்து கத்துக்கிட்டா போதும். அடுத்த வாரம் ஆபரேஷன். இந்த பெட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்."

வசந்தா வாயே திறக்கவில்லை. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். எனக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையைச் சொல்லித் தொலையேம்மா!" என்று சீறினேன்.

"எப்படி அண்ணாத்த சொல்லுவேன்? பெத்த புள்ள கைவுட்டுட்டான்னு நானே சொல்லணுமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லலன்னா வூட்ல செவுத்த பாத்துகினு கெடக்கணும். இங்க வர்ற மூணு நாளுதான் எங்கிட்ட யாரனா பேசறீங்க."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன்.

ஊசியைக் கழற்ற ஸ்ரீதேவி வந்தபோது, பத்துப் படுக்கைக்கும் கேட்கும்படி வசந்தாவே சொன்னாள். "வூட்ல யாரும் இல்லம்மா. நான் பொய் சொன்னேன். இந்தக் கட்டில எடுத்துடாத."

ஸ்ரீதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு படிவத்தைக் கொண்டுவந்து பழைய பதிலை அடித்தாள்.

"சரிம்மா, பெட்டு உங்களுக்குத்தான். அவசரம்னா கூப்பிட ஒரு நம்பர் வேணும். பையனுதே போடவா?"

"அவன் எடுக்கமாட்டாம்மா. இந்த அண்ணாத்த நம்பர போடு."

"சம்பத் சார் நம்பரா?"

ஸ்ரீதேவி என்னைப் பார்த்தாள். என் கையில் இன்னும் ஊசி இருந்தது. அதே நோய், அதே கிழமை. அவளுக்கு அவசரம் வரும் நாளில் நானே எழுந்து நிற்பேனா என்பது சந்தேகம்.

"போடும்மா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று நம்பரை ரெண்டு தரம் சொன்னேன்.