ஏழாம் நம்பர் அறையில் கேட்ட தாலாட்டு

பெரியாயிக்குப் பேய் என்றால் பயம் கிடையாது. எட்டு வயதில், திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கையின் கண்டிச் சீமைக்கு நடந்து வந்த வழியில், காட்டோரத்தில் தாயைப் புதைத்துவிட்டு வந்தவள். "செத்தவங்க நம்மள என்ன பண்ணிடப் போறாங்க?" என்பாள்.

பதுளையிலிருந்து பண்டாரவளை போகும் பாதையில், மேட்டின் மேல் இருந்த ஹோட்டலில் அவள் அறை கூட்டும் வேலை பார்த்தாள். முன்பு அது ஒரு கோப்பித் தோட்டத் துரையின் பங்களா. கோப்பிச் செடிகள் நோய் கண்டு அழிந்தபின் கைமாறி ஹோட்டலானது. பழைய கோப்பி ஸ்டோரைப் பலகை அடித்து இரண்டாகப் பிரித்து, முன்பாதியை ஏழாம் நம்பர் அறையாக்கியிருந்தார்கள். பின்பாதியில் உடைந்த கட்டிலும் நாற்காலியும் கிடந்தன.

அவள் கணவன் கணபதி அங்கே கோக்கி, சமையல்காரன். அவன் வைக்கும் சூப்புக்காகவே துரைமார் குதிரை வண்டி பிடித்து வருவார்கள். அவர்களுக்கு ராக்கு என்று ஒரே பிள்ளை. இரண்டு வயதில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அந்த லயத்தில் பெரியாயியால் இருக்க முடியவில்லை. கணபதிதான் ஹோட்டலில் இருவருக்கும் வேலை தேடிக்கொண்டான். அந்த நன்றியை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

1906ஆம் ஆண்டு, ஒரு வெள்ளைக்கார அம்மாள் காலணியைக் கையில் பிடித்தபடி ஏழாம் நம்பரிலிருந்து ஓடி வந்தாள். சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் பாடுகிறாளாம். அடுத்த வாரம் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். கோப்பிக் காலத்தில் ஒரு ஆயா அந்த ஸ்டோரில் தூக்குப் போட்டுக்கொண்டதாகக் கணபதி சமையல்கட்டில் சொன்னான். அதற்குப் பிறகு வேலைக்காரர் யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

ஹோட்டல் துரை பெரியாயியைக் கூப்பிட்டார். "நீ போய்ப் பாரு. என்னான்னு வந்து சொல்லு."

கணபதி தடுத்தான். "போகாத புள்ள. நீ பிள்ளையப் பறிகொடுத்தவ. அப்பிடிப்பட்டவங்களத்தான் அதுங்க புடிக்கும்."

தன் மேல் இத்தனை அக்கறையா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் மத்தியானம் ஏழாம் நம்பரில், பலகைச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். வெளியே பனி இறங்கியிருந்தது. சற்று நேரத்தில் பாட்டு கேட்டது.

"மூடுபனி போர்த்திக்கிட்டு மூணாம் மலை தூங்குதடி,
கூடையில வந்த ராக்கு, கொழுந்தே நீ தூங்கலையோ..."

அவள் கட்டிய பாட்டு. ராக்குவைக் கூடையில் சுமந்துகொண்டு தோட்டத்து மூணாம் மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன நாட்களில், அவளே வார்த்தை தேடித் தேடிக் கட்டியது. பிள்ளை போனபின் அதை அவள் பாடியதே இல்லை. மகளே தேடி வந்துவிட்டாளோ என்று ஒரு நிமிஷம் நெஞ்சு பொங்கியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது. சளி கட்டிய இருமல்.

எழுந்து பின்பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் தள்ளினாள். சாக்கு விரிப்பில் ஒரு இளம்பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஹோட்டல் தட்டு.

"யாரும்மா நீ?"

"கருப்பம்மா. சத்தம் போடாதீங்க அக்கா. தொரைக்குத் தெரிஞ்சா தொரத்திடுவாரு. எங்க வீட்டுக்காரரு டவுன்ல வீடு பாத்துக்கிட்டு இருக்காரு."

"யாரு ஒன் வீட்டுக்காரரு?"

"இங்க கோக்கியா இருக்காரே, அவருதான்."

பெரியாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பாட்டு?"

"அவரு சொல்லிக் குடுத்தது. அவரோட மொதத்தாரம் கட்டின பாட்டாம். தாயும் பிள்ளையும் ஒரே காய்ச்சல்ல போயிட்டாங்களாம், பாவம். அந்தப் பிள்ள பேரத்தான் இவளுக்கும் வச்சிருக்கோம்."

"மொதத்தாரத்துக்குப் பேரு?"

"பெரியாயி."

"நாந்தாம்மா பெரியாயி."

கருப்பம்மா குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். பெரியாயி கையை நீட்டினாள். "தொட்டுப் பாரு." அந்தப் பெண் விரல் நுனியால் தொட்டாள். பிறகு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சமையல்கட்டில் கணபதி சூப்புக்கு வெலிமடை லீக்ஸ் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தான். "பாத்தியா? இருந்துச்சா?"

"இருந்துச்சு. என்னய ஏன் சாகடிச்ச?"

கத்தி நின்றது. "ராக்கு போனதுக்கப்புறம் ஒனக்குப் புள்ள தங்கல. நான் என்ன செய்ய?" என்றான்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுதுட்டு, சரின்னிருப்பேன். எம் புள்ள பேரையும் பாட்டையும் எடுத்துக் குடுக்க ஒனக்கு யாரு சொன்னா?"

"தொரைகிட்டப் பேயின்னே சொல்லிடு பெரியாயி. ஒன் காலப் புடிக்கிறேன்."

அவள் உள்ளதை அப்படியே துரையிடம் சொன்னாள். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கெட்டிக்காரி என்றார். அடுத்த வாரம் பெரிய விருந்து. அப்படிப்பட்ட கோக்கியை விட அவருக்கு மனமில்லை. வேலைக்கார வீட்டில் கணபதிக்குக் கொடுத்திருந்த அறையிலேயே எல்லோரும் சேர்ந்து இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சத்தியமாக அதுவரை, அவனை விரட்டிவிடுவார் என்றுதான் பெரியாயி நம்பியிருந்தாள்.

அன்று சாயங்காலமே சேலை மூட்டையோடு கிளம்பினாள். கருப்பம்மா வாசல்வரை ஓடி வந்தாள். "பேர மாத்திடுறேன் அக்கா."

குழந்தை பெரியாயியையே பார்த்தது. "வேணாம். கூப்புட்டா திரும்பிப் பாக்குதில்ல? இருக்கட்டும். பாட்ட மட்டும் பாடாத."

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பேர் பதிந்து மறுபடி கொழுந்தெடுக்கப் போனாள். அடுத்த தைப்பொங்கலுக்குக் கணபதி தேடி வந்து லயத்துக் கோடியில் நின்றான். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. பொழுது சாயும்வரை நின்றுவிட்டு அவன் போனான். அன்று உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டதைப் பிறகுதான் கவனித்தாள். மீந்ததைப் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள்.